சாமி கொடுத்த ஈரல்

என் மாமனாருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. தெருவுக்கே தெரிந்த விஷயம்தான், அதனால் எழுதி வைப்பதில் தப்பில்லை. பெயர்களை மட்டும் எழுதப் போவதில்லை. நாயின் பெயரைக்கூட எழுத மாட்டேன். எழுதினால் அது அவர் வைத்த பெயரா, நான் வைத்த பெயரா என்று இன்னொரு சண்டை ஆரம்பிக்கும்.

அவர் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து இளவயதில் கப்பலேறி போர்ட் பிளேருக்கு வந்து, கொத்தனார் வேலை பார்த்து, மேஸ்திரியாகி, காண்டிராக்டரானவர். லம்பா லைனில் ஏர்போர்ட் ரோட்டுக்குப் பக்கத்தில் மாடி வீடு கட்டியிருக்கிறார். நான் நிக்கோபார் பக்கம் கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவன். என் அப்பாவும் அம்மாவும் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கடல் கடந்து வந்து, மறுபடி ஒரு தோட்டத்திலேயே விழுந்தவர்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால் அவர் ஊர்ப் பெயரையும் குலசாமியையும் மூச்சுவிடாமல் சொல்வார். நான் கொஞ்சம் யோசிப்பேன். அந்த யோசனையை அவர் ரசிப்பார். மகள் பிடிவாதம் பிடித்ததால்தான் எனக்குப் பெண் கொடுத்தார். விருந்தாளிகள் முன்னால் 'மாப்ள' என்பார். மற்ற நேரமெல்லாம், "என்ன கட்சால், ஆபீஸ் கெளம்பியாச்சா?" என்பதுதான்.

நாங்கள் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியேறியது என் விருப்பத்தால் அல்ல. லாங் ஐலண்ட் என்கிற சின்னத் தீவுக்கு எனக்கு வேலை மாற்றலாகி, நானும் மனைவியும் சில வருஷம் அங்கே நிம்மதியாக இருந்தோம். அங்கேதான் இந்த நாய் வந்து சேர்ந்தது. கறுப்புப் பெட்டை, மார்பில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. குட்டியாகப் படகுத்துறையில் மீன் செதில்களை நக்கிக்கொண்டு கிடந்ததை மனைவி தூக்கி வந்தாள். அப்புறம் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து, மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். அவருக்கு ஒரே மகள். மாமியார் எப்போதோ போய்விட்டார். நான் மாற்றல் கேட்டு வாங்கினேன். நாயைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு, போட்டில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தோம்.

லம்பா லைனுக்கு வந்ததும் நாய்க்குப் புதிதாக ஒரு வேலை கிடைத்தது. விமானம் இறங்கும்போது எங்கள் வீட்டுக் கூரையைத் தொட்டுவிடும் போலத் தாழ்வாக வரும். லாங் ஐலண்டில் அவள் பார்த்த பெரிய பறவை கடல் கழுகுதான். இங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் முற்றத்தின் நடுவில் நின்று, கழுத்தை முழுக்க நிமிர்த்தி, அது மறையும்வரை குரைப்பாள். விமானம் போனதும் தான்தான் விரட்டினோம் என்கிற மிதப்பில் எங்களைப் பார்ப்பாள். இதைப் பார்த்து மாமனாரும் சிரிப்பார். நானும் அவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அநேகமாக அது ஒன்றுக்குத்தான்.

அவளுடைய சாப்பாடு என் பொறுப்பு. லாங் ஐலண்டிலிருந்து வந்த புதிதில் அவளுக்கு வயிற்றில் புழு இருந்தது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் அம்மா மருந்து கொடுத்து, என்னை உட்காரவைத்து எல்லாம் சொன்னார். உள்ளுறுப்புக் கறி நாய்க்கு நல்லது. ஆனால் அது சாப்பாடு அல்ல, சாப்பாட்டோடு சேர்கிற ஒன்று. ஈரலைப் பச்சையாகக் கொடுத்தால் புழு திரும்ப வரும், அதனால் வெறும் தண்ணீரில் உள்ளே சிவப்புத் தெரியாமல் வேகவைக்க வேண்டும். உப்பு, மசாலா கூடாது. வெங்காயமும் பூண்டும் அறவே கூடாது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு, வாரத்தில் ஓரிரு தடவை போதும். இதயமும் கோழி இரைப்பையும் கொஞ்சம் கூடினால் மோசமில்லை. கிட்னியும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் ஈரல் மாதிரியே, கொஞ்சமாகத்தான். இவ்வளவுதான். இதற்காகவே ஒரு சின்ன அலுமினியச் சட்டி வாங்கினேன். சோறும் கோழியும் வேகும், அதில் ஒரு ஓரத்தில் ஈரல் துண்டு வேகும். ஆறியதும் பிசைந்து வைப்பேன். சட்டியின் சத்தம் கேட்டாலே அவள் வாசல்படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

மாமனாருக்கு அந்தச் சட்டியைக் கண்டாலே எரிச்சல்.

"நாயிக்குப் பத்தியமா? இங்கிட்டு ஒரு ஆஸ்பத்திரியே நடக்குதே கட்சால்" என்பார்.

அவருடைய எரிச்சலுக்கு ஒரு காரணம் இருந்தது. அவரே ஈரல் பைத்தியம். ஆட்டு ஈரலை மிளகு போட்டு வறுத்தால் சட்டியோடு எடுத்துக்கொண்டு போகிற ஆள். ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் அதை நிறுத்திவிட்டார். மகள் அவர் தட்டில் எண்ணெய், உப்பு எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எங்கள் வீட்டில் அவர் தட்டும் நாயின் தட்டும்தான் அளந்து வைக்கப்பட்டன. இது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்து என்ன, அவர் மேல் எனக்கு இரக்கம் ஒன்றும் வரவில்லை.

புரட்டாசி பிறப்பதற்கு முதல்நாள் அவர் மாடியிலிருந்து இறங்கி எங்கள் சமையலறைக்குள் வந்தார். அடுப்பைக் கழுவச் சொல்லி, தானே மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நாயின் அலுமினியச் சட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தார்.

"இந்த மாசம் பூரா இந்தக் காம்பவுண்டுக்குள்ள கவிச்சி வேகக்கூடாது" என்றார்.

"நாயி பெருமாளக் கும்புடுதாங்க மாமா?" என்று கேட்டேன்.

"அது கும்புடாது. அது கெடக்குற வீடு கும்புடுது."

"பின்னால செங்கல் வச்சு அவிச்சுக்கிறேன். வீட்டுக்குள்ள வராது."

"வாசம் வரும்ல? வேகுற வாசம் எல்லைக்குள்ள வரப்படாது. ஒரு மாசந்தான, தயிருஞ்சோறும் போடு. செத்தா போயிரும்?"

"அதுக்கு ஏலாதுங்க மாமா. பழக்கமில்ல."

"ஏலாதாம்ல" என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். என் அப்பா அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட அந்தச் சொல் என் பேச்சில் வந்தால் அவருக்கு அன்றைக்குப் பொழுது போய்விடும். மனைவி, "பஸ்ப்பா, சோடோ" என்று, போதும் விடுங்கள் என்று அவரை அடக்கினாள். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவள், கோபம் வந்தால் பாதி ஹிந்திக்குப் போய்விடுவாள். ஆனால் அடுப்பு விஷயத்தில் அவள் அப்பா பக்கம்தான். புரட்டாசி என்றால் புரட்டாசி. லாங் ஐலண்டில் எங்களுக்கு அது வெறும் மழை மாதமாக இருந்தது என்பதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கடையில் நாய்க்கென்று விற்கிற பாக்கெட் தீனி வாங்கினேன். பூசணிக்காய் அவித்துச் சோற்றில் கலந்தேன். முதலில் தின்றாள். அப்புறம் மோந்துபார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் மோந்துபார்க்கக்கூட வரவில்லை. ஆனால் மெலியவும் இல்லை. வெளியே எங்கேயோ மேய்கிறாள் என்று நினைத்தேன். மலம் கறுத்துக் களிபோல் போனது. மழைத்தண்ணீர் குடித்திருப்பாள் என்று நினைத்தேன்.

புரட்டாசி முடிந்து சட்டி கீழே இறங்கி வந்தது. அவள் சட்டியின் சத்தத்துக்கு வரவில்லை. தீபாவளி போய், சஷ்டி விரதம் வந்து சட்டி மறுபடி மாடிக்குப் போனது. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் கார்த்திகை பிறந்தது. மாமனார் ஐயப்பனுக்கு மாலை போட்டார். ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு மலை ஏறக்கூடாது என்று மகள் அழுதாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொங்கல் வரை வீட்டில் கவிச்சி கிடையாது என்று முடிவாகிவிட்டது.

மாலை போட்டவரை எல்லோரும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் எல்லோரையும் 'சாமி' என்பார். பால்காரர் சாமி, மின்சாரக் கணக்கு எடுக்க வருகிற வங்காளி சாமி, நானும் சாமி. கல்யாணமானதிலிருந்து அவரிடம் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான். கொடுத்தது எனக்கல்ல, ஐயப்பனுக்கு என்பதை முகத்திலேயே எழுதி ஒட்டியிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலையில் கவனித்தேன். விமானம் வந்தது. அவள் முற்றத்தின் நடுவில் போய் நின்றாள், குரைத்தாள். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக் குரைத்தாள். கிட்டே போய்க் கழுத்தைத் தொட்டேன். கீச்சென்று கத்திக்கொண்டு என் கையைக் கடிக்க வந்தாள். குட்டியிலிருந்து வளர்த்தவன் நான், என்னை அவள் அதுவரை பல்லைக் காட்டிப் பார்த்ததில்லை. முன்னங்கால்கள் மரக்கட்டைபோல் நேராக ஊன்றியிருந்தன. யாரோ கல்லால் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன், ஸ்கூட்டரில் மோதியிருக்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் டாக்டரிடம் கொண்டுபோவது என்று ஆபீசுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் தூறல் விழுந்தது. மழைக்கோட்டை எடுக்கத் திரும்பினேன்.

எங்கள் கேட்டுக்கு வெளியே சாக்கடை மேல் ஒரு சிமெண்ட் சிலாப் போட்டிருக்கும். அதில் கறுப்பு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக மாமனார் குந்தியிருந்தார். பக்கத்தில் கறிக்கடைப் பாலித்தீன் பை. பாதாம் மரத்து இலை ஒன்றை மடித்து இடுக்கிபோல் பிடித்துக்கொண்டு, கை படாமல் பைக்குள்ளிருந்து பச்சை ஈரலைத் துண்டுதுண்டாக எடுத்து அவள் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். ஈரல் மழைத்துளி பட்டுப் பளபளவென்று இருந்தது. அவள் தலையைத் தூக்காமல், வைக்க வைக்க விழுங்கினாள்.

"சாப்புடு சாமி, சாப்புடு" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

ஸ்கூட்டரை அப்படியே நிறுத்தினேன். "என்ன செய்யுறீங்க?"

"பசியாத்துறேன் சாமி."

"பச்சையாவா குடுக்குறீங்க?"

"வேக வச்சாத்தான சாமி கவிச்சி? பச்சையா இருந்தா அது அதோட எரை. கேட்டுக்கு அங்கிட்டு வச்சுத்தான் குடுக்குறேன். வீட்டுக்கு ஒரு தோசமும் இல்ல."

"எப்பருந்து?"

"புரட்டாசியிலருந்து சாமி. வீட்டுல எல்லாரும் நிறுத்திட்டம்னு அது ஏன் பட்டினி கெடக்கணும்?"

"தினமுமா?"

"வயிறு தினமும் பசிக்கும்ல சாமி."

எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்துபோனது. அடுப்பில் அவித்தால் தோஷம், ரத்தம் சொட்டச் சொட்ட வாசலில் வைத்தால் புண்ணியம். இரண்டு விரல் துண்டு வேகக்கூடாது என்று என் சட்டியை மாடிக்கு அனுப்பியவர், தினம் ஒரு பை ஈரலைக் கொட்டியிருக்கிறார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது முழுக்க நினைவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது நினைவிருக்கிறது. அவர் எழுந்து நின்று, கையிலிருந்த இலையைச் சாக்கடையில் போட்டுவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாலை போட்டவன்கிட்ட கோவப்படாதீங்க சாமி. ஒங்களுக்குத்தான் ஆகாது."

திரும்பத் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்தக் கும்பிடு என்னை எரித்தது.

ஆபீசுக்குப் போகவில்லை. அவளைப் போர்வையில் சுருட்டி ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் முனகினாள்.

டாக்டர் அம்மா மலையாளி. எல்லோரிடமும் ஹிந்திதான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "கலேஜி ரோஜ் கிலாதே ஹோ க்யா?" என்று கேட்டார். தினமும் ஈரல் கொடுக்கிறாயா என்று.

"மை நஹி மேடம். சசுர்" என்றேன். நானில்லை, மாமனார். அங்கே நின்றுகொண்டு அப்படிச் சொன்னது கோள் சொல்வதுபோல் இருந்தது. ஆனாலும் அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

அவர் நிதானமாக விளக்கினார். ஈரலில் வைட்டமின் ஏ என்கிற சத்து குவிந்து கிடக்கிறது. கொஞ்சமாகப் போனால் கண்ணுக்கும் தோலுக்கும் நல்லது. தினமும் பை பையாகப் போனால் உடம்பால் அதை வெளியே தள்ள முடியாது, சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்து, எலும்பில் வேலையைக் காட்டும். பூனைகளுக்குத்தான் இது அதிகம் வரும், நாய்க்கு வராது என்று இல்லை. இவளுக்குக் கழுத்து எலும்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்ட ஆரம்பித்திருக்கின்றன. பச்சையாகத் தின்றதால் புழுவும் திரும்ப வந்திருக்கிறது.

"டீக் ஹோகா?" என்று கேட்டேன். சரியாகிவிடுமா என்று.

வலி குறையும் என்றார். ஈரலை அடியோடு நிறுத்தினால் நடப்பாள், ஓடக்கூடச் செய்வாள். ஒட்டிய எலும்பு ஒட்டியதுதான். இன்னும் ஒரு மாதம் இப்படியே தின்றால் நடக்கவும் மாட்டாள்.

வீட்டுக்கு வந்து அவர் முன்னால் எக்ஸ்ரே படத்தை வைத்தேன். மனைவி என் பக்கத்தில் நின்றாள். அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"ஈரல் தின்னு நொண்டியானவன எங்கயாச்சும் கண்டிருக்கீங்களா சாமி? ரத்தம் ஊறும்னுதான பிள்ளத்தாச்சிக்கே குடுக்குறாய்ங்க."

"டாக்டர் சொல்றாங்கப்பா" என்றாள் மனைவி.

"டாக்டருதான் என்னையும் கட்டிப்போட்டாரு. இன்னது திங்காத, இம்புட்டுத்தான் திங்கணும். என் தட்ட அளந்தீங்க, சரின்னு இருந்தேன். ஒரு வாயில்லாச் சீவன், அதுக்குமா அளவு? நாந்தான் திங்கக்கூடாது. நான் வாங்கிக் குடுத்து அது திங்குறத பாக்கக்கூடவா கூடாது?"

சாமி என்பதை அந்தப் பேச்சில் மறந்துவிட்டார். மனைவிக்குக் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. தன் நாக்கு கேட்டதையெல்லாம் நாயின் வயிற்றில் கொட்டியிருக்கிறார், இதில் அழ என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. அதை அப்படியே சொன்னேன். அவர் எழுந்து மாடிக்குப் போனார்.

நிறுத்துவார் என்று மனைவி நம்பினாள். மறுநாள் நாயை உள்ளே கட்டிவைத்தேன். ஜன்னல் கம்பி வழியாக ஈரல் உள்ளே வந்து விழுந்தது. ஜன்னலை ஆணியடித்து மூடினேன். கதவுக்கு அடியில் தள்ளப் பார்த்தார். ஒரு காண்டிராக்டர், ஊரில் பாதி வீடு கட்டியவர், கறுப்பு வேட்டியோடு தரையில் மண்டியிட்டுக் கதவிடுக்கில் ஈரலைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் உள்ளேயிருந்து காலால் வெளியே தள்ளினேன். நல்லவேளையாக அவர் மலைக்குக் கிளம்பும் நாள் வந்தது. இருமுடி கட்டி, தேங்காய் உடைத்து, விமானம் ஏறிப் போனார். வாசலில் எல்லோரும் சரணம் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

போனதும் வேறு பிரச்சினை வந்தது. அவள் எதையும் தின்னவில்லை. பச்சை ஈரலின் ருசி கண்டுவிட்டவளுக்குச் சோறு தெரியவில்லை, பாக்கெட் தெரியவில்லை, பால்கூடத் தெரியவில்லை. மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், சாப்பாடே இல்லை. மூலையில் தரையோடு தலையை வைத்துக் கிடந்தாள். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கோழியை அவித்து அந்த வாசத்தில் சோற்றைப் பிசைந்தால் தின்பாள் என்று டாக்டர் அம்மா போனில் சொன்னார்.

கோழியை அவிக்க அடுப்பு வேண்டும். மாலை போட்டவர் மலைக்குப் போய்த் திரும்பும்வரை வீடு சுத்தமாக இருக்க வேண்டும். இங்கே பிசகினால் அங்கே படியேறுகிறவருக்கு ஆகாது என்பது இவர்களுடைய நம்பிக்கை. என் மனைவி அதைச் சின்ன வயதிலிருந்து நம்புகிறவள். அதிலும் இந்த வருஷம் ஏறுகிறவர் ஸ்டென்ட் வைத்தவர். தெருவில் எங்காவது அவித்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அவள் நாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு மொட்டைமாடிக்கு ஏறிப்போனாள். தொட்டிக்குப் பின்னாலிருந்த சட்டியோடு இறங்கி வந்தாள். மழைத்தண்ணீரும் பாதாம் இலைச் சருகுமாக இருந்ததைத் தேய்த்துக் கழுவினாள். சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கவும் இல்லை, திரையை இழுக்கவும் இல்லை.

"அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, உங்க முகத்துல முழிக்க மாட்டேன்" என்றாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

கோழி வெந்துகொண்டிருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. அப்பாதான், பம்பையிலிருந்து. ஒரே இரைச்சல், ஆனாலும் அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"வீடு சுத்தமா இருக்கா தாயி?"

சட்டியின் மூடி துள்ளிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுட்டிருக்கும்.

"இருக்குப்பா. பாத்து ஏறுங்க. மெதுவா ஏறுங்க" என்றாள்.

நாய் தின்றாள். முதலில் சாற்றை நக்கினாள், பிறகு சோற்றையும் தின்றாள். மாத்திரை உள்ளே போனது. மனைவி அதைப் பார்க்கவில்லை, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவர் மலை இறங்கிவிட்டேன் என்று போன் பண்ணும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

அவர் ஒரு குறையும் இல்லாமல் திரும்பி வந்தார். அரவணைப் பாயசம் எடுத்துக் கொடுத்தார், மாலையைக் கழற்றினார், மறுநிமிஷம், "என்ன கட்சால், எளச்சுட்ட?" என்றார். பையிலிருந்து ஒரு பளபளப்பான பாக்கெட்டை எடுத்தார். மெயின்லேண்டில் நாய்ச்சாமான் விற்கிற பெரிய கடையில் வாங்கினாராம். மேலே வெளிநாட்டு நாய் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே உலர்த்திய ஈரல் துண்டுகள்.

"இது டாக்டருங்களே எழுதிக் குடுக்குறதாம். பச்சையுங் கெடையாது, வேக வச்சதுங் கெடையாது" என்றார். என்னை ஜெயித்துவிட்ட முகம்.

நான் தடுக்கவில்லை. வாங்க மாமா, கூப்பிடுங்க அவளை என்றேன். அவர் கேட்டுக்கு வெளியே போய்ச் சிலாப்பில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் வந்தாள். மருந்தில் வலி குறைந்திருந்தது, கால்கள் கொஞ்சம் மடங்க ஆரம்பித்திருந்தன. உடம்பெல்லாம் வாலாக ஆடிக்கொண்டு வந்தாள். வந்து அவர் பாதத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், இங்கிட்டுப் பாரு. மேல பாரு" என்றார். பாக்கெட்டைக் கிழிக்கும் சத்தம் கேட்டு அவள் வால் இன்னும் வேகமாக ஆடியது. தலை எழவில்லை. அவர் ஒரு துண்டை உயரமாகப் பிடித்துக்கொண்டு, முன்புபோல் அவள் எம்பிப் பார்க்கக் காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து விமானம் வந்தது. அவள் நகர்ந்து தெரு நடுவில் நின்று குரைத்தாள். விமானம் எங்கள் தலைக்கு மேல் போனது, அவள் சிமெண்டையும் சாக்கடையையும் பார்த்துக் குரைத்தாள். அது போனதும், விரட்டிவிட்டேன் என்று சொல்வதற்கு முகத்தைத் தூக்க முடியாமல், அப்படியே நின்றாள்.

"நல்லாப் பாருங்க மாமா. ஒங்க புண்ணியம்" என்றேன்.

அவர் கை கீழே இறங்கியது. துண்டைப் பாக்கெட்டுக்குள் போட்டு, பாக்கெட்டை மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். தெருவில் குந்தி, தலையைச் சாய்த்து, அவள் கண்ணைப் பார்க்க முயன்றார். அவருடைய வயதுக்கு அவ்வளவு தாழக் குனிய முடியவில்லை. எழுந்து என்னைத் தாண்டி உள்ளே போனார். மனைவி பிறகு என்னிடம், அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்றாள். வேண்டும் என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு அவர் முன்கேட் வழியாகப் போவதில்லை. பின்பக்கம் சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்து, அந்தச் சந்து வழியாகக் கோயிலுக்கும் கடைக்கும் போகிறார். அடுத்த புரட்டாசிக்கு மஞ்சள் தண்ணீரோடு இறங்கி வந்தார். நாயின் சட்டி அடுப்பில் இருந்தது. பார்த்தார். பக்கத்து அடுப்புக்கு மட்டும் தெளித்துவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஆனால் இதை எனக்கு யாராவது விளக்க வேண்டும். தினமும் காலையில் அவள் அந்தச் சிலாப்புக்குப் போகிறாள். அவர் வருவார் என்று கேட்டைப் பார்த்து நிற்கிறாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, மதில் ஓரமாக, அவளுக்குப் பக்கவாட்டில் நின்று நான் கூப்பிடுகிறேன். கழுத்து திரும்பாது என்பதால், என்னைப் பார்க்க அவள் முழு உடம்பையும் திருப்ப வேண்டும். ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துத் திரும்புகிறாள். கூப்பிட்டது நான்தான் என்று பார்க்கிறாள். பிறகு மறுபடி ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து, கேட்டின் பக்கம் திரும்பி நிற்கிறாள்.